டாக்டரம்மா பதில்கள்: பச்சைக் கறியும் பச்சை எலும்பும்

போன இதழில் ஒரு வாசகருக்கு, “நாய்க்குப் பச்சைக் கறி வேண்டாம், வேகவைத்துப் போடுங்கள்” என்று ஒற்றை வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒற்றை வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு மஞ்சள் பை நிறைய இருக்கின்றன. பாதிப் பேர் ‘ஏன்?’ என்று கேட்டிருக்கிறார்கள், மீதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். அதனால் இந்த மாதம் உண்ணி, சொறி, குட்டி போடுவது எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, கறியும் எலும்பும் மட்டும்.

என் லாப்ரடாருக்கு மூன்று வயது, 30 கிலோ. எட்டு மாதமாகப் பச்சை உணவுதான். 80 பங்கு கறி, 10 பங்கு எலும்பு, 10 பங்கு ஈரல் வகைகள் என்ற கணக்கில் தினமும் 700 கிராம். பெரும்பாலும் கோழிக் கழுத்தும் காலும். முடி பளபளக்கிறது, மலம் கொஞ்சமாக, கெட்டியாகப் போகிறான், வாய் நாற்றமும் இல்லை. அப்பாவோ, ‘பச்சை ரத்தம் பழக்கினால் ஆளைக் கடிக்கும், பத்து மாதக் குழந்தை தவழும் வீடு இது’ என்று தினமும் சண்டை பிடிக்கிறார். நீங்கள் யார் பக்கம்?
— வாசகர், கோவை

தம்பி, பச்சைக் கறி தின்று எந்த நாயும் ஆளைக் கடிக்கக் கற்றுக்கொள்வதில்லை. அதை அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஆனால் கறியை வேகவைக்கச் சொன்னால் அப்பா பக்கம்தான் நிற்பேன். அவர் சொல்லும் காரணம் தப்பு, குழந்தையை நினைத்துப் பயப்படுவது சரி.

நீங்கள் கண்ணால் பார்த்தது எதையும் நான் மறுக்கவில்லை. கறியில் நார் கிடையாது, செரித்தது போக மிச்சம் கொஞ்சம்தான், அதனால் மலம் குறையும். எலும்புத் தூள் சேர்வதால் கெட்டியாகும். கோழித் தோலில் இருக்கிற கொழுப்பு முடியில் மின்னும். பல்லும் அப்படித்தான். பிரேசிலில் பீகிள் நாய்களுக்குப் பச்சை மாட்டெலும்பைக் கடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள், சில நாளிலேயே பற்காறை நன்றாகக் குறைந்தது. வெறும் சோறும் பாலும் தின்று ஆறு வயதிலேயே பல் ஆடுகிற நாய்களை மேசை மேல் தூக்கி வைத்துப் பார்த்தவள் நான். பச்சை உணவுக்காரர்கள் ‘நாய்க்குச் சோறு மட்டும் போதாது’ என்று சொல்லும்போது எனக்கு அவர்களோடு சண்டையே இல்லை.

அடுத்த படிக்குப் போகும்போதுதான் சண்டை. இந்த உணவு முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர். 1993இல் அவர் எழுதியதிலிருந்துதான் இது உலகம் சுற்றத் தொடங்கியது. நாய் என்பது ஓநாய், ஓநாய் சமைப்பதில்லை, ஆகவே நாய்க்கும் சமையல் வேண்டாம் என்பது இந்தக் கட்சியின் வாதம். 2013இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்துக்காரர்கள் நாயின் மரபணுவையும் ஓநாயின் மரபணுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் மரபணு ஓநாயிடம் 2 பிரதிதான் இருந்தது. நாயிடம் 4 முதல் 30 வரை. நம் அடுப்படி வாசலில் ஆயிரக்கணக்கான வருடம் படுத்துக் கிடந்ததில் அதன் வயிறும் நம் சாப்பாட்டுக்குப் பழகிவிட்டது. உங்கள் லாப்ரடார் சோறும் செரிப்பான், கறியும் செரிப்பான்.

சரி, ஓநாய் என்றே வைத்துக்கொள்வோம். ஓநாய் தின்பது அப்போதுதான் விழுந்த மானை. நீங்கள் வாங்குவது ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தில் வெட்டிய பிராய்லரை. ஒரே டிரம், ஒரே வெட்டுமரம், ஒரே கத்தி. கழுத்தும் காலும் ‘நாய்க்கு’ என்று கேட்டால் எந்தப் பாத்திரத்திலிருந்து அள்ளிப் போடுகிறார்கள் என்று ஒருநாள் நின்று பாருங்கள். குடல் கிழிந்து கொட்டியதும் அதே பாத்திரத்தில்தான் கிடக்கும். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அது கழிவு என்றுதான் அவர் நினைக்கிறார், விலையும் அப்படித்தான் போடுகிறார். நீங்கள்தான் அதைச் சமைக்காமல் கொடுக்கிறீர்கள்.

அமெரிக்காவில், தொழிற்சாலையில் அடைத்து உறையவைத்து விற்கும் பச்சை நாயுணவையே அரசாங்கத்தின் உணவு, மருந்து நிர்வாகம் சோதித்தது. 196 மாதிரிகளில் 15இல் சால்மோனெல்லா, 32இல் லிஸ்டீரியா. இரண்டுமே மனிதரை நோயில் தள்ளும் கிருமிகள். அங்கே குளிர்பதன வண்டியில் போகிறது. இங்கே 36 டிகிரி வெயிலில் பாலிதீன் கவரில், பைக் கொக்கியில் தொங்கிக்கொண்டு வருகிறது. கோழிக்குக் கலந்து கொடுத்துக்கொண்டிருந்த கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாட்டிக்கை 2019இல் இந்திய அரசு தடை செய்ததையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கு அடங்காத கிருமி பற்றிய பயம் இல்லாவிட்டால் அந்தத் தடை எதற்கு?

இதில் வேடிக்கை, இந்தக் கிருமிகளால் நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அது பாட்டுக்கு வாலாட்டிக்கொண்டு மலத்தில் சால்மோனெல்லாவைக் கழித்துக்கொண்டிருக்கும். தின்ற வாயால் பின்பக்கத்தை நக்கும், அதே வாயால் குழந்தையின் கையை நக்கும். குழந்தை அந்தக் கையை எங்கே வைக்கும் என்று நான் சொல்ல வேண்டாம். உங்கள் கடிதத்தில் 80:10:10 கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பத்து மாதம்தான்.

நாய்க்கே ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. மெல்பர்னில் 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பின்னங்கால் தொடங்கி நாலு காலும் திடீரென்று விழுந்துவிடும் ஒரு நரம்பு வாதத்தைப் பற்றியது. அந்த வாதம் வந்த நாய்களின் மலத்தில் காம்பைலோபாக்டர் கிருமி இருக்கும் வாய்ப்பு மற்ற நாய்களைவிட 9 மடங்குக்கு மேல். அது எங்கிருந்து வந்தது என்று தேடியபோது பச்சைக் கோழிக்கறி என்று வந்தது. கழுத்து உட்பட. அபூர்வமான நோய்தான், ஆனால் விழுந்த நாய் எழுந்து நடக்க ஆறு மாதம்கூட ஆகலாம். 30 கிலோ நாயை நாலு பேர் தூக்கி வெளிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

என்ன செய்யலாம்? அதே கோழியை வாங்குங்கள். எலும்பை எடுத்துவிட்டு 400 கிராம் கறி, ஒரு துண்டு ஈரல் (30 கிராம் போதும், தினமும் நிறைய ஈரல் போட்டால் வைட்டமின் ஏ மிஞ்சிப்போகும்), பரங்கிக்காயோ கேரட்டோ ஒரு கை, இரண்டு கப் சோறு அல்லது கேழ்வரகுக் களி. வாரம் இரண்டு நாள் கோழிக்குப் பதில் வேகவைத்த மத்தி மீன். வெங்காயம், பூண்டு, மசாலா கூடாது. எலும்பு இல்லாததால் முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக்கி முக்கால் டீஸ்பூன் கலக்க வேண்டும். இதை மறந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வியில் வருகிறது. துத்தநாகமும் அயோடினும் வீட்டுச் சமையலில் பெரும்பாலும் குறையும். அதற்குத் தோதான சத்துப்பொடியை உங்கள் ஊர் மருத்துவரிடம் நாயின் எடையைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

கழுத்தைத்தான் போடுவேன் என்றால் குக்கரில் போட்டு, எலும்பு இரண்டு விரலுக்கு நடுவில் திருநீறு மாதிரி நொறுங்கும்வரை விசில் விடுங்கள். என் நாய் கருப்பனுக்கு நான் செய்வது அதுதான். ஏழு விசில் என் குக்கர் கணக்கு, உங்கள் குக்கருக்கு வேறாக இருக்கும். ஒரு துண்டு நொறுங்காமல் இருந்தாலும் அதை எடுத்து எறிந்துவிடுவேன்.

ராஜபாளையம் குட்டி, நான்கு மாதம். ‘நல்லா வளரட்டும்’ என்று தினமும் அரைக்கிலோ எலும்பில்லாத கறியும் ஈரலும் போட்டோம். சோறு கண்ணிலேயே காட்டவில்லை. ஒரு மாதமாக முன்னங்கால் வளைந்து நடந்தது. நேற்று கட்டிலிலிருந்து குதித்ததில் தொடை எலும்பு முறிந்துவிட்டது. இவ்வளவு கறி தின்ற குட்டிக்கு எப்படி எலும்பு ஒடியும்?
— வாசகி, விருதுநகர்

கறி தின்றதால்தான் அம்மா ஒடிந்தது. வாசிக்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

குட்டிக்குக் கால்சியமும் பாஸ்பரஸும் ஒன்றுக்கு ஒன்று, அல்லது கால்சியம் கொஞ்சம் தூக்கலாகக் கிடைக்க வேண்டும். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் 15, 20 மடங்கு அதிகம். ஈரலில் இன்னும் மோசம். ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் இதயமே நின்றுபோகும் என்பதால் உடம்பு விடாது. கழுத்தில் தைராய்டுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சுரப்பி, எலும்பிலிருந்து கால்சியத்தைச் சுரண்டி ரத்தத்துக்குக் கொடுக்கும். வீட்டு மூங்கிலை உருவி அடுப்பெரிக்கிற மாதிரி. எக்ஸ்ரே எடுத்திருப்பீர்கள், பாருங்கள்: எலும்பு வெள்ளையாகத் தெரியாமல் சதையோடு சதையாகப் புகை மாதிரி இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: கூண்டில் ஓய்வு, ஓடவோ குதிக்கவோ விடக் கூடாது. முறிவுக்குக் கட்டா, தகடா என்பதை நேரில் பார்க்கிற மருத்துவர் சொல்வார். உணவை உடனே மாற்றுங்கள். இந்த வயதில் வீட்டுக் கணக்குப் பார்த்துச் சமைப்பதைவிட, பெரிய இனக் குட்டிகளுக்கென்று வரும் உலர் தீவனமே சுலபம். முதுகெலும்பு நசுங்காமல் இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் ஆளே மாறிவிடும், பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயம். இதைப் படித்தவுடன் மருந்துக் கடைக்கு ஓடிக் கால்சியம் டானிக் பாட்டில் பாட்டிலாக வாங்காதீர்கள். சரிவிகிதத் தீவனத்தின் மேல் டானிக்கையும் ஊற்றினால் பெரிய இனக் குட்டிக்கு எலும்பு கோணும். ஆறு மாதம் ஆகும்வரை வேண்டாத கால்சியத்தை வெளியே தள்ள அதன் குடலுக்குத் தெரியாது. நம் ஊரில் குட்டி வாங்கிய அன்றே டானிக்கும் வாங்குகிறோம். யார் இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தார்களோ.

நான் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் இரண்டு சிப்பிப்பாறை, ஒரு கன்னி. எங்க அப்பா காலத்திலிருந்தே விற்காத ஈரல், நுரையீரல், குடலைப் பச்சையாகத்தான் போடுகிறோம். ஒரு நாயும் செத்ததில்லை. கிடாவெட்டு என்றால் ஊர் நாய்க்கெல்லாம் விருந்து. நீங்கள் பச்சைக் கறி வேண்டாம் என்பது பட்டணத்துக்காரர்களுக்கா, எங்களுக்குமா?
— வாசகர், சங்கரன்கோவில் பக்கம்

அண்ணாச்சி, முக்கியமாக உங்களுக்குத்தான்.

நாய்களை முயலுக்குக் கூட்டிப் போவதாகக் கடிதக் கடைசியில் எழுதியிருப்பதை நான் வாசிக்காத மாதிரி விட்டுவிடுகிறேன். 1972ஆம் வருடத்து வனஉயிர்ச் சட்டம் விடாது.

ஈரலுக்கு வருவோம். உங்களுக்குத் தெரியாததா? ஆட்டைக் கிழித்ததும் சில ஈரலில், நுரையீரலில் வெள்ளையாக, நுங்கு மாதிரி தளதளவென்று ஒரு கட்டி இருக்கும். கத்தி பட்டால் தெளிந்த தண்ணீர் பீச்சியடிக்கும். ‘தண்ணிக்கட்டி’ என்பீர்கள். அதை விற்க முடியாது. என்ன செய்வீர்கள்? அறுத்துப் பின்னால் எறிவீர்கள். பின்னால் யார் நிற்பார்கள்?

1988இல் நான் கால்நடை உதவி மருத்துவராகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஊரில், மருந்தக வேலையோடு ஆடடிக்கும் தொட்டியையும் நான்தான் பார்க்க வேண்டும். காலை ஐந்து மணி. பொம்பளை டாக்டர் வந்து கறிக்கு முத்திரை குத்துவதை வேடிக்கை பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும். தண்ணிக்கட்டி உள்ள ஈரலை நான் ‘மனிதருக்கு ஆகாது’ என்று ஒதுக்குவேன். கடைக்காரர், “சரி டாக்டரம்மா” என்று மரியாதையாகச் சொல்லி, என் கண் முன்னாலேயே சுவருக்கு அந்தப் பக்கம் எறிவார். எட்டு, பத்து நாய்கள் அங்கே தயாராக நிற்கும். என் வேலை முடிந்தது என்று நோட்டில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். இரண்டு வருடம் இப்படி. சென்னை வேப்பேரியில் படித்தபோது தேர்வில் இந்தக் கட்டியை உண்டாக்கும் நாடாப்புழுவின் வாழ்க்கைச் சுற்றைப் படம் போட்டு மதிப்பெண் வாங்கியவள்தான் நான். தொட்டியில் நின்றபோது அந்தப் படம் ஒரு நாளும் ஞாபகம் வரவில்லை.

அந்தச் சுற்று இதுதான். தண்ணிக்கட்டிக்குள் மணல் மாதிரி இருப்பதெல்லாம் நாடாப்புழுவின் குஞ்சுத் தலைகள். நாய் தின்றால் அதன் சிறுகுடலில் ஆயிரக்கணக்கில் புழுவாகும். அரை சென்டிமீட்டர்கூட இராது, மலத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. நாய்க்கும் ஒன்றும் செய்யாது. அதனால்தான் உங்கள் அப்பா காலத்திலிருந்து ஒரு நாயும் சாகவில்லை. ஆறேழு வாரத்தில் முட்டை வெளியே வரத் தொடங்கும். அது புல்லில் விழும், ஆடு மேயும், ஆட்டின் ஈரலில் மறுபடி கட்டி. இல்லையென்றால் நாயின் முடியில் ஒட்டும், தடவிக் கொடுத்த கையில் ஒட்டும், கீரையில் ஒட்டும். மனிதன் விழுங்கினால் அவன் ஈரலிலோ நுரையீரலிலோ அதே கட்டி, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். ஹைடாடிட் கட்டி என்பார்கள். உடம்புக்குள் உடைந்தால் ஒவ்வாமை அதிர்ச்சியில் உயிரே போகலாம்.

தொட்டிக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த அக்காவுக்கு மதுரையில் ஆபரேஷன் செய்து தேங்காய் அளவு கட்டி எடுத்தார்கள். நான் போவதற்குப் பல வருடம் முன்னாலேயே அது வளரத் தொடங்கியிருக்கும். நான் ஒதுக்கிய ஈரலால் வந்தது இல்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகும் அந்தக் கடையில் டீ குடிக்கக் கூச்சமாக இருந்தது. அவர் பாட்டுக்கு, “ஏன் டாக்டரம்மா வரதில்ல?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. கடையில் ஒரு பெரிய அலுமினிய அண்டா. நாய்க்குப் போகிற ஈரல், நுரையீரல், குடல் எதுவானாலும் தண்ணீர் கொதித்த பிறகு அரை மணி நேரம் கொதிக்கட்டும். கட்டிக்குள் இருப்பது செத்துவிடும். கட்டி பெரிதாக இருந்தால் நாய்க்கே வேண்டாம், எரியுங்கள், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். மூன்று நாய்க்கும் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை பிராசிகுவான்டெல் கலந்த புழு மாத்திரை, எடைக்குத் தக்கபடி. மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. எனவே கொடுத்த இரண்டு நாள் கட்டிப் போட்டு, மலத்தைப் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள். கிடாவெட்டில் குடலைக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லி ஊரில் பேச உங்களைவிடத் தோதான ஆள் இல்லை. நான் வந்து சொன்னால் சாமி குத்தம் பேசுகிறேன் என்பார்கள். கறிக்கடைக்காரர் சொன்னால் கேட்பார்கள்.

கம்பங்கூழும் மோரும் குடித்து ஓடின சிப்பிப்பாறையை என் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதோடு வெந்த ஈரல் சேர்ந்தால் இன்னும் நன்றாகத்தான் ஓடும்.

எங்கள் வீட்டில் முட்டைகூட வாசலைத் தாண்டாது. பொமரேனியன், ஒன்பது வயது, 8 கிலோ, தயிர் சாதத்திலேயே வளர்ந்தது. டல்லாஸிலிருந்து வந்த மாப்பிள்ளை, ‘பச்சை மாமிசம் கொடுக்காதது கொடுமை’ என்கிறார். நான் கொடுமைக்காரியா?
— வாசகி, கும்பகோணம்

இல்லை மாமி. மாப்பிள்ளை ஊருக்குப் போகும்வரை சிரித்துக்கொண்டிருங்கள். பூனைக்கு மாமிசம் இல்லாமல் முடியாது. நாய்க்கு முடியும், யோசித்துச் செய்தால்.

ஆனால் தயிர் சாதம் மட்டும் என்பது யோசித்துச் செய்தது ஆகாது. புரதம் போதவில்லை. குழைய வேகவைத்த பருப்பு, ஊறவைத்துப் பிழிந்த மீல்மேக்கர், பன்னீர் சேருங்கள். மேலே சத்துப்பொடி அல்லது ஒரு வேளை சைவ உலர் தீவனம். சாம்பார் சாதம் கூடவே கூடாது: சின்ன வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும், ரசத்துப் பூண்டும் அப்படியே. உலர் திராட்சை போட்ட சர்க்கரைப் பொங்கலைப் பிரசாதம் என்று நீட்டிவிடாதீர்கள், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒன்பது வயது என்பதால் ஒரு தடவை பல்லையும் ரத்தத்தையும் காட்டிவிடுங்கள். விரலில் மல் துணி சுற்றித் தினமும் பல்லைத் தேய்த்துவிடலாம். நம் பற்பசை வேண்டாம்.

சிறு கேள்விகள், ஒரே மூச்சில்

*பிரியாணி எலும்பு போடலாமா?* (பதினோரு கடிதம் இதே கேள்வி.) கூடாது. வெந்த எலும்பு ஈட்டி மாதிரி சிம்பாகப் பிளக்கும், தொண்டையிலோ குடலிலோ குத்தும். ஓய்வு பெறும்வரை என் திங்கட்கிழமைக் காலைகள் ஞாயிற்றுக்கிழமை எலும்புகளோடுதான் விடிந்தன. குக்கரில் திருநீறாக்கியது வேறு, பிரியாணியில் வெந்தது வேறு. பிரியாணியில் வெங்காயமும் இருக்கிறது.

*பச்சை மாட்டுத் தொடை எலும்பு, கடிக்க மட்டும்?* பற்காறை போகும் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். ஆனால் தொடை எலும்பு பல்லைவிடக் கெட்டி. மேல்தாடையில் கறி கிழிக்கிற பெரிய பல் பட்டையாகப் பிளந்து, வேர்வரை சீழ் வைத்த நாய்கள் நிறைய. கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் தடம் பதியாத எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்க மாட்டேன்.

*ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்துவிட்டுப் பச்சையாகக் கொடுத்தால்?* புழு வகைகள் பல சாகும். சால்மோனெல்லா சாகாது, உறைந்து தூங்கும். பனி உருகியதும் எழுந்துகொள்ளும். கரண்ட் போய் வருகிற வீட்டில் அது வாரத்தில் எத்தனை முறை எழும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

*பறவைக் காய்ச்சல் நேரத்தில்?* 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் செத்தன. ஹெச்5என்1 என்று உறுதியானது. தீனியாகப் போட்ட கோழி மேல்தான் முதல் சந்தேகம் விழுந்தது. நாயைவிடப் பூனைக்கு இந்தக் கிருமி ஆகவே ஆகாது. வீட்டில் பூனையும் இருந்தால் பச்சைக் கோழி உள்ளேயே வர வேண்டாம்.

‘பாக்கெட் தீவனக் கம்பெனிகள் கொடுக்கும் காசுக்காகத்தான் நீங்கள் எல்லாரும் பச்சை உணவை எதிர்க்கிறீர்கள். உண்மையா இல்லையா?’
— பெயர் போடாத தபால் அட்டை, சென்னை முத்திரை

எனக்கு இதுவரை வந்தது இரண்டு காலண்டர், ஒரு சாவிக்கொத்து, நாய் படம் போட்ட ஒரு குடை. குடை முதல் மழையிலேயே மடங்கிவிட்டது. ஆனால் உங்கள் சந்தேகம் முழுக்கத் தப்பில்லை. அந்தக் கம்பெனிகள் கல்லூரிகளிலும் மாநாடுகளிலும் பணம் போடுவது உலகறிந்ததுதான். பாக்கெட் வாங்குங்கள் என்று முதல் பதிலில் நான் எழுதவில்லை, சமைத்துப் போடுங்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன். சமைத்துப் போடுவதால் எந்தக் கம்பெனிக்கு லாபம்? கெரசின் ஸ்டவ் கம்பெனிக்கு என்று அடுத்த அட்டை போடாதீர்கள்.

டாக்டர் ஆன்டி, எங்க தெரு நாய் மணி எலி, ஓணான் எல்லாம் பச்சையா சாப்பிடுது. கறிக்கடை எலும்பும் சாப்பிடுது. அதுக்கு ஒண்ணுமே ஆகலையே, ஏன்?
— ஆறாம் வகுப்பு மாணவி, தூத்துக்குடி

நல்ல கேள்வி கண்ணு. உங்க அப்பா வயசுக்காரங்க பதினேழு பேர் இதையே கேட்டு எழுதியிருக்காங்க, உன் கேள்விதான் சுருக்கமா இருந்துச்சு.

மணியோட அம்மா ஒரு ஈத்துல ஆறு குட்டியாவது போட்டிருக்கும். மத்த குட்டிங்க எங்கேன்னு தெருவுல பெரியவங்ககிட்ட கேட்டுப் பாரு. வண்டியில அடிபட்டது, வயித்தால போனது, காய்ச்சல்ல போனதுன்னு சொல்வாங்க. தெருநாய் நிறைய சின்ன வயசுலயே போயிடும். எதனால செத்துச்சுன்னு யாரும் அறுத்துப் பாக்கறதில்ல. மணி வயித்துக்குள்ள புழு இல்லைன்னும் நமக்குத் தெரியாது, மணி சொல்லாது.

எலி மட்டும் ரொம்ப யோசனையான விஷயம். விஷம் வச்ச எலியைத் தின்னா மணிக்கும் விஷம் ஏறும், அஞ்சாறு நாள் கழிச்சு மூக்குல ரத்தம் வரும். உங்க தெருவுல யார் வீட்டுல எலி மருந்து வைக்கிறாங்கன்னு உனக்குத் தெரிஞ்சா, செத்த எலியை வெளியே எறியாம புதைக்கச் சொல்லு. மணிக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை புழு மாத்திரை கொடுக்கணும். சோத்து உருண்டைக்குள்ள வச்சா துப்பிடும், வேகவச்ச மீனுக்குள்ள வச்சுக் குடு. தூத்துக்குடியில மீனுக்கா பஞ்சம்? முள்ளை எடுத்துட்டுக் குடு. கொடுத்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவு. மணி எத்தனை கிலோ இருப்பான்னு உத்தேசமா எழுதி அனுப்பு, எத்தனை மாத்திரைன்னு அடுத்த இதழ்ல சொல்றேன்.